பொது நிதியும் பள்ளிக்கூடமும்

பலர் சேர்ந்து இட்ட பணம் எளியவருக்கு முதலில் உதவவேண்டும் என்பது கூட்டுறவாளராகிய நாம் அறிந்த நெறி. அமெரிக்கப் பள்ளிகளுக்கு இணைய வசதி அளிக்கும் ‘ஈ-ரேட்’ திட்டமும் இந்நெறியையே தழுவியது.

1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தால் பிறந்தது இத்திட்டம். இதற்கான பணம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து ஒதுக்கப்படுவதன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பங்கைப் பொது நிதியில் செலுத்துகின்றன; அச்சுமை பெரும்பாலும் வாடிக்கையாளர் கட்டணத்தில் சேர்கிறது. பள்ளிகள் பெறும் சலுகை 20 முதல் 90 சதவீதம் வரை. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிக்குச் சலுகையும் மிகுதி. 2014இல் ஆண்டு உச்சவரம்பு 390 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. இந்நிதி திரட்டும் முறை செல்லும் என்று 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் ஒரு குறை உண்டு. இணைய இணைப்புக்கும் பள்ளிக்குள் அதைப் பரப்பும் சாதனங்களுக்குமே இப்பணம் பயன்படும்; மாணவர் கையாளும் கணினிக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ கிடையாது. நூலை மட்டும் கொடுத்து, தறியையும் தொழிற்பயிற்சியையும் மறந்தால் துணி விளையாது அன்றோ?

ஆதலின் அங்கத்தினர்களே, நம் ஊர்ப் பள்ளிக்குக் கருவி வேண்டி அரசாங்கத்திடம் மனுச் செய்யும்போது, ஆசிரியருக்குப் பயிற்சியும் பழுதுபார்க்கும் செலவும் சேர்த்தே கேட்போமாக.