ஊமைக் கருவியும் உறங்கும் குரலும்

மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ளது அலுவிகாரை. வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் இவ்விடத்திலேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. மனனஞ் செய்தோர் மாண்டால் நூலும் மாண்டுபோகுமே என்ற அச்சமே அன்று எழுத்தாணியை எடுக்கச் செய்தது. ஆயின், பிற்காலத்தில் அங்கே பேணப்பட்டிருந்த ஏடுகள் 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அழிவுற்றன. எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைப் படியெடுத்துக் காத்தலும் வேண்டும் என்பது அவ்விடம் நமக்கு உணர்த்தும் இரண்டாவது பாடம்.

இவ்விரு பாடங்களும் இன்று ஒலிநாடாவுக்குப் பொருந்துவனவாம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளை வழியாகவே மலைநாட்டிற் புகுந்தனர். அவர்தம் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன் கூத்துப் பாட்டும் ஏட்டில் எழுதப்பெற்றவை அல்ல. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தமையாற் சில அச்சேறின. ஆனால் அச்சிலே சொல் வரும், இராகம் வாராது. பாடுவோர் மூச்சிழுக்கும் இடமும் தப்பின் அடியும் வாரா. அவற்றைக் காக்க வல்லது ஒலிப்பதிவு ஒன்றே.

காந்தத் தூள் பூசிய நாடாவில் ஒலியைப் பதியும் முறைக்கு 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளொய்மர் என்பார் உரிமம் பெற்றார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மாக்னெற்றோபோன்’ என்னும் கருவி காட்டப்பெற்றது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கசெற்றை வெளியிடும்வரை, வீட்டிற் குரல் பதிய விரும்பியோர் பெரும்பாலும் சுருள்நாடாவையே கையாண்டனர். அச்சுருள்கள் இன்றும் சில வீடுகளின் பெட்டகங்களில் உறங்குகின்றன. அவற்றை ஒலிப்பிக்கும் கருவிகளோ பழைய சாமான் கடைகளில் ஊமையாய்க் கிடக்கின்றன.

என்னிடம் பயின்ற ஒருவர், தம் பாட்டனார் காமன் கூத்துப் பாடிய சுருள் ஒன்றைக் கண்டெடுத்தார். அதைக் கேட்கும் ஆவலால் ஓடாத கருவியொன்றை விலைக்கு வாங்கி, அன்றே மின்சாரத்தில் இணைக்கத் துணிந்தார். வானொலி திருத்தும் நண்பர் ஒருவரும் யானும் அவரைத் தடுத்துக் கூறியவற்றையே இங்கு விரித்துரைக்கின்றேன். அவற்றின் சாரம் ஒன்றே: கருவி போனால் வேறு கருவி கிடைக்கும், நாடா போனாற் குரல் போயிற்று. ஆகவே, கருவி முற்றும் குணமான பின்னரே நாடா அதன்மேல் ஏறவேண்டும்.

வாங்கும்போது நோக்க வேண்டுவன சில. முதலாவது, நம்மிடமுள்ள சுருளின் அளவும் அது பதியப்பெற்ற வேகமும் அக்கருவிக்கு ஏற்குமா என்பது. வினாடிக்கு 19, 9.5, 4.75 சென்டிமீட்டர் என்பன வீட்டுக் கருவிகளில் வழங்கிய வேகங்கள். இரண்டாவது, உறுப்புக் குறைபாடு. ஓடாமை பெருங்குறையன்று, உறுப்பு இல்லாமையே பெருங்குறை. இறப்பர்ப் பட்டியைப் புதிதாய் இடலாம். உடைந்த பற்சக்கரத்தையும் தொலைந்த குமிழையும் எங்கே தேடுவது? மூன்றாவது, நாடா உராய்ந்து செல்லும் காந்தத் தலை. விரலால் தடவும்போது ஆழ்ந்த பள்ளம் தட்டுமாயின் விலகுதல் நன்று. நான்காவது, பின்புறத் தகட்டிற் பொறித்த மின்னளவு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 அலைவு. அமெரிக்க நாட்டுக்கென ஆக்கியது 117 வோல்ட், 60 அலைவு. மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், அலைவை மாற்றாது. அத்தகைய கருவிகளுட் பல இங்கே ஆறில் ஒரு பங்கு வேகங் குறைந்தோடும். சிறுமியின் குரல் கிழவியின் குரலாய் ஒலிக்கும்.

வீட்டிற்குக் கொணர்ந்ததும் மின்னில் இணைத்தலாகாது. நெடுங்காலம் உறங்கிய கருவியிலே கண்டென்சர்கள் உலர்ந்தும் பழுதுற்றும் இருக்கும்; திடீரென மின் பாயின் வெடித்துப் புகையும், மின்மாற்றியும் எரியும். அனுபவமுள்ள திருத்துநர், 60 வாட் இழைக்குமிழ் ஒன்றைத் தொடரில் இணைத்து அதன் வழியாகவே முதன்முதல் மின் செலுத்துவார். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் அச்சமில்லை; முழு ஒளியோடு நின்றெரிந்தால் உள்ளே குறுக்குப்பாய்ச்சல் உண்டென அறிக. வால்வுக் கருவிகளில், மின்னைத் துண்டித்த பின்னரும் உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். இதனைக் கற்றறியாத மாணவர் மூடியைத் திறத்தல் கூடாது.

இனி, நோயும் அதன் முதலும். மோட்டார் இரைந்தும் சுருள் சுழலாவிடின், எண்ணெய் பிசினாய் இறுகியிருக்கும். அன்றேல் பட்டி உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். வேகம் தளர்ந்து இராகம் நடுங்கினால், இறப்பர் உருளை கல்லாகி வழுக்குகின்றது. ஒலி மூக்கடைத்தாற்போல் மங்கினால், தலையில் அழுக்குப் படிந்துள்ளது. தூய அற்ககோல் தோய்த்த பஞ்சு போதும். இடைவிடாத இரைச்சல் கேட்பின், மின்வழங்கும் பகுதியின் கண்டென்சரை ஐயுறுக. ஒலி விட்டுவிட்டு வந்தால், பதிவுக்கும் ஒலிப்பிற்கும் மாற்றும் சுவிட்சின் முனைகளிற் களிம்பேறியிருக்கும். அச்சுவிட்சு பதிவு நிலையிலேயே சிக்கி நிற்பின், ஏற்றிய நாடாவின் குரலைக் கருவியே அழித்துவிடும். ஆதலின் முதலோட்டத்தை இழந்தாலும் வருந்த வேண்டாத வேறொரு நாடாவைக் கொண்டே செய்க.

நாடாவையும் சோதித்தல் வேண்டும். சுருளைப் பக்கவாட்டில் ஒளிக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவுமாயின் அஃது அசிற்றேற்று நாடா. பொலியெஸ்ரர் ஆயின் ஊடுருவாது. அசிற்றேற்றில் வினாகிரி மணம் எழுந்தால் அழிவு தொடங்கிவிட்டது, காலந்தாழ்த்தாது படியெடுக்க. பின்வந்த பொலியெஸ்ரர் நாடாக்களிற் சில பசையூறிக் கீச்சிடும். அவற்றை இளஞ்சூட்டில் உலர்த்திப் படியெடுக்கும் முறை உண்டு; அது வல்லுநர் தொழில், அசிற்றேற்றுக்கு ஆகாதது. பூஞ்சணம் பூத்த நாடாவை ஓட்டுதல் நாடாவுக்கும் கருவிக்கும் ஓட்டுவோர் நுரையீரலுக்கும் கேடு.

மேற்கூறிய மாணவரின் கருவியில் இருந்த நோய் எளியது: இறப்பர் உருளை கல்லாகியிருந்தது. அது மாறியபின் சுருள் சுழன்றது. பாட்டுக்கு முன்னே தோட்டத்தின் பெயரையும் தம் பெயரையும் ஒருவர் கூறும் குரல் கேட்டது. பாட்டனார் முகத்தை நிழற்படத்தில் மட்டுமே கண்டிருந்த பேரன், அவர் மூச்சு வாங்கும் ஓசையையும் அன்று கேட்டார். ஓட்டம் நிகழ்கையிலேயே அது கணினியிற் பதிவாயிற்று.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், ஏடுகள் கையிலெடுக்கவே நொறுங்கும் நிலையில் இருந்தன. அவற்றைப் படியெடுக்கப் பொறுமை வேண்டியிருந்தது. அப்பொறுமையே இங்கும் வேண்டுவது. ஆசிரியர்கள் தத்தம் ஊரில் யார் வீட்டிற் சுருள் உண்டு என வினவி அறிக. மாணவர் பாடியவர் யார், எவ்வூர், எவ்வாண்டு என உறையின்மேல் எழுதுக. படி ஒன்றுடன் நில்லாது, வெவ்வேறிடத்தில் இரண்டு மூன்று படிகள் வைக்க. பெயரறியாக் குரல் பாதி இழந்த குரலேயாகும்.