பழைய கணினி புதிய நிரலை ஏன் ஏற்பதில்லை?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடைக் கணக்குக்கு விண்டோஸ் எக்ஸ்பி கணினி இன்னும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். புதிய நிரலைத் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். ஏன்? நேரம் பார்க்கக்கூட நிரல் இயங்குதளத்தைத்தான் கேட்கும். அதற்குப் புதிய நிரல்கள் அழைக்கும் 'கெட்டிக்கவுண்ட்64' என்ற அழைப்பு, எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தது. எக்ஸ்பிக்கு அந்தப் பெயரே தெரியாது.

மூலநிரல் கிடைத்தால் வழி உண்டு. 1987இல் வெளியான ஜிசிசி, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் இலவசக் கம்பைலர். அதன் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூவை எக்ஸ்பிக்கென அமைத்து, அந்த அழைப்பைப் பழைய 'கெட்டிக்கவுண்ட்' ஆக்கி, புதிய கணினியிலேயே மறுபடி கம்பைல் செய்யலாம். ஆனால் பழைய அழைப்பு தருவது 32 பிட் எண்; அது சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இதை மறந்தவர்கள் ஏராளம்!

எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014இலேயே நின்றுவிட்டன. அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்.