மஞ்சள் வண்டிகளின் வரலாறு எழுதுவோர்

பழைய நாணயங்களைத் திரட்டுவோர் உண்டு. கல்வெட்டுகளைப் படியெடுப்போர் உண்டு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட பஸ்களின் வரலாற்றை எழுதி வைப்பதற்கென்றே ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர் என்றால், மாணவ நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தகையோர் பலர் உளர். விடுமுறை நாட்களில் பழைய இரும்புக் கிடங்குகளை நாடிச் செல்கின்றனர். துருவேறிக் கிடக்கும் வண்டியினுள் நுழைந்து, அங்கே பொருத்தப்பட்டுள்ள சிறு உலோகத் தகட்டைத் துடைத்து, அதிற் பொறித்துள்ள எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்கின்றனர். இது வெறும் பொழுதுபோக்கா, பயனுள்ள பணியா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

அந்நாட்டுப் பள்ளி பஸ்கள் மஞ்சள் நிறமாக இருப்பதற்கு ஓர் ஆசிரியர் காரணர். கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் சைர் என்பார், 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதற்கு முன் ஒவ்வொரு வட்டாரமும் தன் மனம்போன வண்ணத்தில் வண்டி ஓட்டியது. சில இடங்களில் குழந்தைகள் கோதுமை ஏற்றும் வண்டிகளிற்கூடப் பள்ளிக்குச் சென்றனர். மாநாட்டில் 48 மாநிலங்களின் பிரதிநிதிகளும், வண்டி செய்யும் கம்பெனிகளின் பொறியாளர்களும் கூடி, 44 விதிகளை வகுத்தனர். கருக்கலிலும் மங்காது தெரிவது, கறுப்பு எழுத்தை எடுப்பாகக் காட்டுவது என்பதற்காகவே அம்மஞ்சளைத் தேர்ந்தனர்.

நிறம் ஒன்றானதேயொழிய எஞ்சின் நெடுங்காலம் பெட்ரோல் எஞ்சினாகவே இருந்தது. டீஸல் எஞ்சின் விலை கூடியது, எடை மிகுந்தது. ஆயினும் அதன் தத்துவம் அழகானது. ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீஸல் எஞ்சினிலோ பொறியே கிடையாது. உருளைக்குள் வரும் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால், அந்த நெருக்கத்தினாலேயே அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடேறுகிறது. அச்சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

மலைச் சாலைகளும் நீண்ட வழித்தடங்களும் நிறைந்த கலிபோர்னியாவில்தான் இந்த எஞ்சின் முதலில் பள்ளி பஸ்ஸில் இடம் பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரௌன் கம்பெனியார் 1954-இல் கம்மின்ஸ் டீஸல் எஞ்சினைத் தம் வண்டியில் பொருத்தினர். பொருத்திய இடம்தான் வியப்புக்குரியது. ஆறு உருளைகள் கொண்ட பெரிய எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே தரைப் பலகையின் கீழ் ஒளித்துவிட்டனர். முன்னாலும் எஞ்சின் இல்லை, பின்னாலும் இல்லை. எடை நடுவில் அமர்ந்தது. 1959-இல் கில்லிக் கம்பெனியார் எஞ்சினை வண்டியின் பின்புறத்தில் வைத்துச் செய்தனர். கிரௌன் வண்டிகள் உறுதிக்குப் பேர் பெற்றவை. அக்கம்பெனி 1991-இல் மூடப்பட்ட பிறகும் அவை பல்லாண்டுகள் ஓடின. ஆர்வலர்கள் அதிகமாகத் தேடுவதும் இவற்றையே. எஞ்சின் ஒலியைக்கூட ஒலிப்பதிவு செய்து வைக்கின்றனர். அவற்றிற் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். சங்கீதம் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. ஆனால் ஏற்றத்தில் பாரம் கூடக்கூட அந்தக் குரல் தடிப்பதைக் கேட்டால், எஞ்சின் படும் பாடு புரிகிறது.

தகட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பள்ளி பஸ் பெரும்பாலும் இருவர் கைவேலை. ஒரு கம்பெனி அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் செய்யும். மற்றொன்று அதன்மீது, நம் பக்கத்தார் சொல்வதுபோல, கூடு கட்டும். ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஆர்வலர்கள் இரண்டையும் தனித்தனியே குறிப்பர். இது வீண் நுணுக்கம் என்று எண்ணுவோர்க்கு ஒரு துயரச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

1977-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பள்ளி பஸ்களின் கூரை உறுதி, இணைப்புகளின் வலிமை, இருக்கைகளின் அமைப்பு, எண்ணெய்த் தொட்டியின் காப்பு ஆகியவற்றுக்குக் கடுமையான சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1988 மே 14-ஆம் தேதி இரவு, கென்டக்கி மாநிலத்துக் காரல்டன் நகருக்கருகில், குடிவெறியில் எதிர்த்திசையில் பிக்கப் வண்டி ஓட்டி வந்த ஒருவன் பழைய பள்ளி பஸ் ஒன்றின்மீது மோதினான். பெட்ரோல் தொட்டி பிளந்து தீப்பிடித்தது. 67 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளஞ்சிறார். அவர்களைக் கொன்றது மோதலைக் காட்டிலும் தீயும் புகையுமே. அந்த பஸ்ஸின் அடிச்சட்டம் செய்யப்பட்ட நாள் 1977 மார்ச் 23. இன்னும் ஒன்பது நாள் கழித்துப் பிறந்திருந்தால், தொட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு இருந்திருக்கும்.  எவ்வண்டி எந்நாளில் பிறந்தது என்பதைத் தகடு காட்டும்.

அதன்பின் கென்டக்கி மாநிலம் தன் பொதுப் பள்ளிகளுக்கு டீஸல் பஸ்களையே விதித்தது. பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் பொறி பட்டால் பற்றும். டீஸல் எண்ணெயோ ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேல் சூடானாலன்றிப் பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. தீயினின்று காத்த அந்த எண்ணெய்க்கு மறுபக்கமும் உண்டு. டீஸல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் உறுதியாக அறிவித்தது. பழைய வண்டிகளில் அந்தப் புகை உள்ளேயும் புகும், மூச்சுவிடுவோர் குழந்தைகள்.

எனவே இவ்வண்டிகள் சாலையை விட்டு நீங்குவதே முறை என்பது என் கருத்து. ஆர்வலர்கள் சிலர் இதனை ஏற்க மாட்டார்கள். புதிய வண்டி வாங்க அரசாங்கம் மானியம் வழங்குகையில், பழையதை மீண்டும் ஓட்ட இயலாதவாறு அழிக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது: எஞ்சின் கட்டையில் மூன்று அங்குலத் துளை இட்டு, அடிச்சட்டத்தின் இரு நீளக் கம்பிகளையும் அறுத்துவிட வேண்டும். துளையிடுபவர் வருவதற்கு முன்னர் ஆர்வலர் போய்ச் சேர வேண்டும். புகைப்படம் எடுத்து, பூசிய வண்ணத்தின் அடியில் மங்கித் தெரியும் பழைய பள்ளியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, தகட்டின் இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ள அவருக்கு ஒரு பகற்பொழுது போதும்.