அளவறிந்து ஒளி பெறுவோம்

வார இறுதியில் பெங்களூரிலிருந்து காவிரிக் கரைக்கோ மலைச்சாரலுக்கோ சென்று, கூடாரம் அமைத்துத் தங்கும் குடும்பங்கள் பல. மின்கம்பி எட்டாத நிலத்தில் சிறு தோட்டவீடு கட்டியிருப்போரும் உளர். இவ்விரு சாராரும் கடைக்குச் சென்றதும் கேட்பது, "எத்தனை வாட் சோலார் பேனல் வாங்கலாம்?" என்பதே. ஆயினும், அதற்கு முன்னர் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு மின்சாரம் தேவை?

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 20 வாட் விசிறி 8 மணி நேரம் சுழன்றால் 160. இரு கைபேசிகளுக்கு 30. மொத்தம் 240 வாட்-மணி. வழியில் ஏற்படும் இழப்பைக் கருதி 0.8ஆல் வகுத்தால் 300 ஆகிறது.

அடுத்தது பேட்டரி. 300ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் 25 ஆம்பியர்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குன்றும்; ஆகவே 50 தேவை. ஒரு நாள் வானம் மூடிக்கொண்டாலும் இருளில் தவிக்காதிருக்க, அதையும் இரட்டித்து 100 ஆம்பியர்-மணி எனக் கொள்ளலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்பதால், ஏறத்தாழ 65 போதுமானது. எடை குறைவு, ஆயுள் மிகுதி, விலையோ கூடுதல்.

இறுதியாக பேனல். பெங்களூரில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்கு நிகரான ஒளி கிடைக்கிறது. மழைக்காலத்தை எண்ணி 4 எனக் கொண்டால், 300ஐ 4ஆல் வகுக்க 75 வாட். தூசி, வெப்பம் ஆகியவற்றால் குறைவதையும் ஈடுசெய்ய 100 வாட் பொருத்தமாகும். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜ் கன்ட்ரோலர் இன்றியமையாதது. கூடாரத்துக்கு மரநிழல் இனிது. பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மின் உற்பத்தி வெகுவாகச் சரியும்.

அளவு சிறிதானால், பேட்டரி ஒவ்வோர் இரவும் அடிவரை வடிந்து விரைவில் பழுதாகும். பெரிதானால், பயன்படாத வாட்டுக்கும் நாம் பணம் செலுத்துகிறோம்.

இந்த உண்மையைத் தொழிலாகவே வளர்த்தது, 1995இல் ஹரீஷ் ஹாண்டேயும் நெவில் வில்லியம்ஸும் தொடங்கிய செல்கோ நிறுவனம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம், கர்நாடகக் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டின் தேவையையும் கேட்டறிந்து, அதற்கேற்ப விளக்குகளை அமைத்தது. வங்கிக் கடனுக்கும் வழிசெய்தது. மாதம் 300 ரூபாய் என்பது சுமை, நாளுக்கு 10 ரூபாய் என்றால் இயலும் என்று தெருவோர வணிகர் ஒருவர் கூறியதைத் தாம் பெற்ற பாடமாக ஹாண்டே குறிப்பிடுவதுண்டு. மின்சாரத்தை மட்டுமன்றி, வருவாய் வரும் முறையையும் அளக்க வேண்டும் என்பதே அப்பாடம். 2011இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2003இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் துணையுடன் கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் சூரிய ஒளிக் கடன்களை வழங்கத் தொடங்கியதும் இம்மாநிலத்தில்தான்.

நமது வாடிக்கையாளர்களுக்குச் சில யோசனைகள். இரண்டு நாள் உலாவுக்கான சாதனங்களைச் சேமிப்பிலிருந்து வாங்குவதே நலம். தொடர் வைப்புக் கணக்கு அதற்கு உதவும். தோட்டவீட்டுக்குக் கடன் பெற எண்ணுவோர், சாதனங்களின் பெயர், வாட், பயன்படுத்தும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதனடிப்படையில் விலைப்புள்ளி பெற்றபின் கிளையை அணுகலாம். பேனலுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பேட்டரியின் ஆயுளோ அதனினும் மிகக் குறைவு. எனவே, தவணைகள் முடியும் முன்பே பேட்டரி முடிந்துவிடாதவாறு கடன் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்; புதிய பேட்டரிக்கென மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள்.