ஒரு நரசிம்ம ராவ், நாலு புத்தகம்: எதை எப்படிப் படிக்கறது?

1991 மக்களவைத் தேர்தல்ல நரசிம்ம ராவ் நிக்கவே இல்ல. வயசு 69. உடம்பும் சரியில்ல. டெல்லி வீட்டைக் காலி பண்ணிட்டு ஹைதராபாத் போயிடலாம்னு புத்தகங்களைக் கட்டி அனுப்பிட்டிருந்தார். நம்ம குற்றாலத்துல இருக்கற சித்தேஸ்வரி பீடத்துக்குத் தலைவரா வரச்சொல்லி அவருக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரு துறவு மடத்துக்குத் தலைவர் ஆகறதைப் பத்தி யோசிச்சிட்டிருந்த மனுஷன் அவர். மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சரியா ஒரு மாசம் கழிச்சு, ஜூன் 21-ம் தேதி, ராவ் இந்தியாவின் பிரதமர்.

குற்றாலத்து விஷயத்தை நான் படிச்சது வினய் சீதாபதி எழுதின 'ஹாஃப் லயன்' புத்தகத்துல. 2016-ல வந்தது, தமிழ்லயும் கிடைக்குது. நரசிம்மம்னா பாதி மனுஷன், பாதி சிங்கம் இல்லையா, தலைப்பு அங்கேர்ந்துதான். ராவைப் பத்தின புத்தகங்கள்ல எதைப் படிக்கலாம்னு நிறைய பேர் கேக்கறீங்க. நான் இன்னைக்கு நாலு புத்தகத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கப் போறேன்.

முதல்ல யார் எங்க உக்காந்து எழுதினாங்கன்னு பாத்துருவோம். சீதாபதி ஒரு அரசியல் ஆய்வாளர். ராவ் அரசாங்கத்துலயோ கட்சியிலயோ இருந்தவர் இல்ல. ராவ் விட்டுட்டுப் போன சொந்தக் காகிதங்களை அவரோட குடும்பம் இவருக்குத் திறந்து விட்டுச்சு. அதோட நூறு பேருக்கு மேல பேட்டி எடுத்திருக்கார். ஜெய்ராம் ரமேஷ் 2015-ல எழுதின 'டு த பிரிங்க் அண்ட் பேக்' அப்படியில்ல. 1991 ஜூன்ல அவர் பிரதமர் அலுவலகத்துக்குள்ளயே வேலை பார்த்தவர். சில மாசம்தான் இருந்தார், ஆனா நெருப்பு பத்தி எரிஞ்ச மாசங்கள். மூணாவது சஞ்சய பாரு, 1991-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு 2016-ல எழுதினது. அவர் அப்போ பொருளாதாரப் பத்திரிகையாளர், அப்பா ஆந்திர அரசுல மூத்த அதிகாரி. நாலாவது ராவே எழுதினது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6-ஐப் பத்தி அவர் எழுதி வெச்ச புத்தகம், அவர் 2004-ல இறந்த பிறகு, 2006-ல வெளியாச்சு.

இப்ப ஒரே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்குவோம். 1991 ஜூலை 3. நாட்டோட கையில இருந்த அந்நியச் செலாவணி ரெண்டு வாரத்து இறக்குமதிக்குத்தான் வரும்ங்கற நிலைமை. ரூபாய் மதிப்பை ரெண்டு தவணையில குறைக்கறதுன்னு முடிவாச்சு. ஜூலை 1-ல முதல் தவணை, சுமார் 9 சதவீதம். எதிர்ப்பு கிளம்பினதும் ராவுக்கு மனசு தடுமாறுது. ரெண்டாவது தவணையை நிறுத்துங்கன்னு நிதியமைச்சர் மன்மோகன் சிங்கிட்ட சொல்றார். மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியில துணை ஆளுநரா இருந்த சி. ரங்கராஜனுக்கு போன் பண்றார். ரங்கராஜன், அது ஏற்கெனவே முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டார். இன்னொரு 11 சதவீதம் இறங்கியாச்சு.

இதை நான் முக்கியமா நினைக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஜெய்ராம் ரமேஷ் ராவை மதிக்கறவர். ஆனாலும் இந்தத் தடுமாற்றத்தை மறைக்காம எழுதியிருக்கார். ஒரு ஆசிரியர் தனக்குப் பிடிச்ச தலைவரோட சங்கடமான பக்கத்தைத் தாண்டிப் போகலைன்னா, மத்த பக்கங்கள்ல அவர் சொல்றதையும் நான் கொஞ்சம் கூடுதலா நம்பறேன்.

அதே மாசம் 24-ம் தேதி. சாயங்காலம் மன்மோகன் சிங்கோட பட்ஜெட், இன்னைக்கும் எல்லாரும் பேசறது அதைத்தான். அன்னைக்கே அதுக்கு முன்னாடி, பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை எடுத்துட்ட புதிய தொழில் கொள்கை சபையில வெக்கப்பட்டுச்சு. தொழில்துறையைக் கையில வெச்சிருந்தவர் ராவ். ஆனா அதைத் தாக்கல் பண்ணது இணை அமைச்சர் பி.ஜே. குரியன். மறுநாள் தலைப்புச் செய்தியெல்லாம் பட்ஜெட்டுக்குப் போச்சு, எதிர்ப்பும் சிதறிடுச்சு. 1991-ன் நாயகன் ராவ்தான்னு பாரு அடிச்சுச் சொல்றார். அந்த ஒரு விஷயத்துல நான் அவர் பக்கம்.

ஆனா பாருவும் ஜெய்ராமும் எடுத்துக்கிட்டது 1991. அந்தச் சட்டகத்துக்கு வெளியே என்ன நிக்குதுன்னு பாக்கணும். 1984 நவம்பர் நிக்குது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு டெல்லியில சீக்கியர்களை ஆயிரக்கணக்குல கொன்னாங்க. அப்போ உள்துறை அமைச்சர் ராவ். டெல்லி போலீஸ் அவர் துறைக்குக் கீழ. பொறுப்பைப் பிரதமர் அலுவலகத்துக்கு விட்டுக்கொடுத்துட்டு அவர் ஒதுங்கினதை சீதாபதி கொஞ்சமும் மென்மை இல்லாம எழுதறார். ராவோட வாழ்க்கையிலயே கேவலமான நேரம் அதுதான்னு தீர்ப்பும் சொல்றார். குடும்பம் கொடுத்த காகிதத்தை வெச்சு எழுதினவர் இதை எழுதினார். நான் அந்த அத்தியாயத்தைப் படிச்சு முடிச்சிட்டு ரொம்ப நேரம் அடுத்த பக்கம் போகல. சாதனை பேசற எந்தப் புத்தகமும் கொல்லப்பட்டவங்களோட குடும்பங்களைத் தாண்டிப் போகக்கூடாது.

1992 டிசம்பர் 6 இன்னும் சிக்கல். பாபர் மசூதி இடிபடும்போது ராவ் பூஜையில உக்காந்திருந்தார்னு பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தன்னோட சுயசரிதையில எழுதினார். தான் நேர்ல பார்த்ததா இல்ல, சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயி சொன்னதா. சீதாபதி அதை மறுக்கறார். அன்னைக்கு மதியம் ராவைப் போய்ப் பார்த்த டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டியோட சாட்சியத்தை வெக்கறார். நாடித்துடிப்பு எகிறி இருந்துச்சு, மாத்திரை கூடுதலா கொடுக்க வேண்டியிருந்துச்சு. யாரோ சொல்லக் கேட்டதையும் நாடியைத் தொட்டுப் பார்த்தவர் சொன்னதையும் ஒரே தராசுல நான் வெக்க மாட்டேன்.

ஆனா நாடி துடிச்சுச்சுங்கறதால பொறுப்பு தீர்ந்துடாது. ராவ் தன் புத்தகத்துல அரசியல் சட்டத்தைப் பேசறார். அசம்பாவிதம் நடக்கறதுக்கு முன்னாடியே உத்தரப் பிரதேச மாநில அரசைக் கலைக்க வழியில்லைங்கறது அவர் வாதம். சட்டப்படி அதுல கனம் இருக்கு. ஆனா அது ஒரு வக்கீல் கட்டற கேஸ் மாதிரி இருக்கு. இந்து அமைப்புகளோட ரகசியமா பேசி இதைத் தீர்த்துடலாம்னு ராவ் தன் சாமர்த்தியத்தை அளவுக்கு மீறி நம்பினார்னு சீதாபதி சொல்றார் பாருங்க, எனக்கு அதுதான் மனசுல தங்குச்சு.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும்னா 'ஹாஃப் லயன்' வாங்குங்க. முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். 1984-க்குப் போங்க, அதைப் படிச்சிட்டு 1991-க்கு வாங்க. ரெண்டாவது வாங்க முடிஞ்சா ஜெய்ராம் ரமேஷ். நேரம் நிறைய இருக்கறவங்க ராவ் 1998-ல வெளியிட்ட 'தி இன்சைடர்' நாவலையும் தேடிப் பிடிங்க. அதுல நாயகன் பேரு ஆனந்த், மாநிலத்துக்கும் கற்பனைப் பேருதான். ஆனா நிலச் சீர்திருத்தம் பேசி, முதலமைச்சர் நாற்காலி வரைக்கும் போன ஆந்திரத்து ராவை அந்தப் பக்கங்கள்ல உங்களால அடையாளம் கண்டுபிடிச்சிட முடியும்.