நீல ஒளியில் நடந்த போர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சென்ற பருவத்தில் ஒருநாள் எங்கள் ஆய்வகத்தில் நான் பெரிதும் வெட்கப்பட நேர்ந்தது. பேராசிரியர் மூன்று ஒளிவட்டுகளை மேசைமீது வைத்தார். முதலாவது பாட்டுக் கேட்கும் சி.டி.; இரண்டாவது படம் பார்க்கும் டி.வி.டி.; மூன்றாவது புளூரே. சிவப்பு லேசர் ஒளியை ஒவ்வொன்றின்மீதும் நேர்க்குத்தாகப் பாய்ச்ச வேண்டும். எதிரொளித்து வரும் ஒளி எந்தக் கோணத்தில் பிரிகிறது என்று அளக்க வேண்டும். அதிலிருந்து வட்டின் தடங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் கணக்கிட வேண்டும். இதுவே பயிற்சி.

சி.டி.யில் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 24 பாகையில் விழுந்தது. டி.வி.டி.யில் 61 பாகை. மூன்றாவது வட்டிலோ நேரே திரும்பி வந்த ஒளியைத் தவிர வேறு புள்ளியே இல்லை! மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே கதை. பக்கத்து மேசைக்காரர்கள் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டனர். கருவியைக் கெடுத்துவிட்டேனோ என்ற அச்சத்துடன், "ஐயா, எனக்கு மட்டும் வரவில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "வராததுதான் விடை. கணக்குப் போட்டுப் பார்" என்றார்.

கணக்கு எளியது. ஒளியின் அலைநீளத்தைத் தடங்களின் இடைவெளியால் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்புக் கிடைக்கும். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். சி.டி.யின் தட இடைவெளி 1600 நானோமீட்டர், வகுத்தால் 0.41. டி.வி.டி.யின் இடைவெளி 740, வகுத்தால் 0.88. புளூரேயின் இடைவெளி 320 மட்டுமே, வகுத்தால் 2.03. சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அப்படி ஒரு கோணமே கிடையாது. அந்த வட்டின் நுட்பத்தைச் சிவப்பு ஒளியால் தொடவே முடியாது!

இது என் மனத்தை விட்டு அகலவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தபோது இன்னொரு செய்தி கிடைத்தது. இந்தப் புளூரேக்கு ஓர் எதிரி இருந்தது. ஒரே நீல ஒளியை நம்பி, ஒரே காலத்தில் பிறந்து, இரண்டே ஆண்டுகளில் மாண்டுபோன அந்த வட்டின் பெயர் எச்.டி. டி.வி.டி. அவ்விரண்டுக்கும் நடந்த போட்டியை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய வட்டு ஏன் தேவைப்பட்டது?

பால் முறைத் தொலைக்காட்சிக்கான டி.வி.டி.யின் ஒரு படச் சட்டத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 4,14,720. உயர்தெளிவுப் படத்திலோ 1920, 1080. பெருக்கினால் 20,73,600. அதாவது சரியாக ஐந்து மடங்கு. ஆனால் டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் செய்திதான் அடங்கும். வட்டைப் பெரிதாக்கவும் யாருக்கும் விருப்பமில்லை. அதே 12 சென்டிமீட்டரில் அடங்க வேண்டும். எனவே எழுத்தைச் சிறிதாக்குவது ஒன்றே வழி.

வட்டில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகச் சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. அதைப் படிப்பது லேசர் ஒளியின் குவிந்த புள்ளி. மொட்டைப் பென்சிலால் பொடி எழுத்து எழுத முடியாது அல்லவா? அதுபோல ஒளிப்புள்ளி பெரிதாக இருந்தால் சிறு பள்ளங்களைப் பிரித்தறிய முடியாது. எவ்வளவு நல்ல லென்சாயினும் ஒளியை ஓரளவுக்குமேல் குவிக்க இயலாமல் விளிம்பு விளைவு தடுக்கிறது. புள்ளியின் அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று அலைநீளம், அது குறையக் குறையப் புள்ளி சிறுக்கும். மற்றொன்று லென்சு எவ்வளவு அகன்ற கூம்பாக ஒளியைக் குவிக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணியல் துளை. அது கூடக்கூடப் புள்ளி சிறுக்கும்.

அலைநீளத்தைக் குறைக்க நீல லேசர் வேண்டும். பல்லாண்டுகள் அது கைகூடாக் கனவாகவே இருந்தது. காலியம் நைட்ரைடு என்னும் குறைகடத்தியைப் பக்குவப்படுத்தி நீல ஒளியை வரவழைத்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த வழியில் வந்ததே 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா லேசர். போரிட்ட இரு கட்சிக்கும் ஆயுதம் இந்த ஒன்றேதான்.

அரை மில்லிமீட்டர் வேறுபாடு

அப்படியானால் சண்டை எதில்? லென்சில்.

டி.வி.டி.யின் லென்சுக்கு எண்ணியல் துளை 0.6. சோனி, மாட்சுஷிட்டா, பிலிப்ஸ் முதலிய ஒன்பது நிறுவனங்கள் 2002 பிப்ரவரியில் அறிவித்த புளூரேயில் அது 0.85. தோஷிபாவும் என்.இ.சி.யும் முன்வைத்த எச்.டி. டி.வி.டி.யில் அது 0.65 மட்டுமே.

இங்கே ஒரு சிறு கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அலைநீளத்தை எண்ணியல் துளையால் வகுத்தால் டி.வி.டி.க்கு 1083, எச்.டி. டி.வி.டி.க்கு 623, புளூரேக்கு 476. புள்ளியின் பரப்பு இதன் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே டி.வி.டி.யைவிட எச்.டி. டி.வி.டி. மூன்று மடங்கும், புளூரே ஐந்து மடங்குக்குச் சற்று மேலும் செய்தி கொள்ள வேண்டும். 4.7 கிகாபைட்டை இவற்றால் பெருக்கினால் 14 என்றும் 24 என்றும் வருகின்றன. உண்மையில் ஓர் அடுக்கின் கொள்ளளவு 15, 25 கிகாபைட். இரண்டாமாண்டு மாணவன் கையால் போட்ட கணக்கு இத்துணை நெருங்கி வந்தது கண்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அவ்வாறாயின் தோஷிபாவும் 0.85 லென்சையே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. சுழலும் வட்டு எப்போதும் சற்றே சாயும். சாய்ந்த தகட்டின் ஊடே குவியும் ஒளி, வால்மீன்போல் ஒருபக்கம் வால்விட்டுச் சிதறும். இப்பிறழ்ச்சிக்குக் கோமா என்று பெயர். இது எண்ணியல் துளையின் மும்மடிக்கும், ஒளி கடந்து செல்லும் பிளாஸ்டிக் படலத்தின் தடிப்புக்கும் ஏற்பப் பெருகும். டி.வி.டி.யில் அத்தடிப்பு 0.6 மில்லிமீட்டர். அதே தடிப்பில் லென்சை மட்டும் 0.85 ஆக்கினால் பிறழ்ச்சி ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஆகவே புளூரேக்காரர்கள் படலத்தை 0.1 மில்லிமீட்டராக மெலித்தனர். பிறழ்ச்சி டி.வி.டி.யில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்தது.

ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. செய்தி மேற்பரப்பிற்கு மிக அருகில் வந்துவிட்டதால் கீறலும் தூசியும் அஞ்சத்தக்க பகைவர்கள் ஆயின. 2003 ஏப்ரலில் ஜப்பானில் சோனி விற்ற முதல் பதிவுக் கருவியின் வட்டு, ஒரு பிளாஸ்டிக் உறைப்பெட்டிக்குள் ஒளிந்தே வாழ்ந்தது. கருவியின் விலை 4,50,000 யென்! பின்னர் டி.டி.கே. நிறுவனம் கீறல் தாங்கும் கடினப் பூச்சு ஒன்றைக் கண்டபின் உறைப்பெட்டி ஒழிந்தது. மேலும், மெல்லிய படலம் போர்த்துவதற்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும். தோஷிபாவோ பழைய 0.6 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டது. டி.வி.டி. அச்சிடும் ஆலையிலேயே சிறு மாற்றங்களுடன் புதிய வட்டையும் அச்சிடலாம், செலவு குறைவு. ஆக, கொள்ளளவு பெரிதா, சிக்கனம் பெரிதா என்பதே வழக்கு. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

கூடிய ஆண்டும் கூடாத ஆண்டும்

பத்தாண்டுகளுக்கு முன்னும் இவர்களே இப்படி மோதினார்கள். டி.வி.டி. பிறக்குமுன் சோனியும் பிலிப்ஸும் ஒரு வட்டையும், தோஷிபா குழுவினர் வேறொரு வட்டையும் காட்டினர். ஐ.பி.எம். முதலிய கணினி நிறுவனங்கள், "ஒன்றாக வாருங்கள்" என்று வற்புறுத்தின. 1995இல் உடன்பாடு ஏற்பட்டது. 0.6 மில்லிமீட்டர்த் தகடுகள் இரண்டை ஒட்டும் அமைப்புத் தோஷிபா பக்கத்திலிருந்தும், செய்தியைக் குறியீடாக்கும் முறை மறுபக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த ஒற்றுமையால்தான் டி.வி.டி. உலகெங்கும் பரவியது.

2005இலும் பேச்சு நடந்தது. ஆனால் 0.1க்கும் 0.6க்கும் நடுவே சமரசம் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். பேச்சு முறிந்தது. இரண்டு வட்டுகளும் 2006இல் கடைக்கு வந்தன.

களத்தில் நடந்தது

அமெரிக்காவில் தோஷிபாவின் கருவி 2006 ஏப்ரலில் 499 டாலருக்கு வந்தது. ஜூன் மாதம் வந்த சாம்சங்கின் புளூரே கருவி 999 டாலர். விலையைப் பார்த்தால் வெற்றி யாருக்கு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூரேயை வைத்து விற்றது. விளையாட வாங்கியவர் வீட்டிலும் புளூரே கருவி நுழைந்துவிட்டது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்.டி. டி.வி.டி. கருவியைத் தனியே 199 டாலருக்கு விற்றது. தனியே விற்பதை எத்தனை பேர் வாங்குவர்?

படக்கம்பெனிகளும் பிரிந்து நின்றன. சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ஆகியவை புளூரே பக்கம், யூனிவர்சல் எச்.டி. டி.வி.டி. பக்கம், வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும் வெளியிட்டன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட், எச்.டி. டி.வி.டி.க்கு மட்டும் என்று மாறியது. விரும்பிய படம் எந்த வட்டில் வரும் என்று வாங்குவோர் திகைத்தனர். இரண்டையும் இயக்கும் கருவி ஒன்றை எல்.ஜி. 2007இல் விற்றது, அதன் விலையோ ஆயிரம் டாலருக்கு மேல். அவ்வாண்டு நவம்பரில் வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் கருவி நூறு டாலருக்கும் கீழே இறங்கியது.

46 நாள்கள்

2008 ஜனவரி 4 அன்று வார்னர், இனிப் புளூரேயில் மட்டுமே வெளியிடப் போவதாக அறிவித்தது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சிக்குச் சில நாள்களே இருந்தன. அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை எச்.டி. டி.வி.டி. குழு கைவிட்டது. பிப்ரவரியில் நெட்பிளிக்ஸும் அதையடுத்து வால்மார்ட்டும் அந்த வட்டைக் கைவிட்டன. பிப்ரவரி 19 அன்று தோஷிபா உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வார்னரின் அறிவிப்பிலிருந்து எண்ணினால் 46 நாள்கள்! 2009இல் தோஷிபாவே புளூரே சங்கத்தில் சேர்ந்து அதே கருவியைச் செய்யத் தொடங்கியது காலத்தின் கோலம்.

மலிவானதே வெல்லும் என்பர். இங்கே மலிவானது தோற்றது. சிறந்ததே வெல்லும் என்பர். 1975இல் வந்த சோனியின் பீட்டாமாக்ஸ் நாடா நல்ல படம் காட்டியும், மறு ஆண்டு வந்த வி.எச்.எஸ். நாடாவிடம் தோற்றது. கருவியை மட்டும் வாங்கி யாரும் வீட்டில் வைப்பதில்லை. அதில் பார்க்கப் படம் வேண்டும். படம் தருவோர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கமே வெற்றி சாய்கிறது. நூறு டாலரோ ஐந்நூறு டாலரோ கொடுத்துத் தோற்ற கருவியை வாங்கியவர்கள்தாம் இப்போரில் காயம்பட்டவர்கள்.

முடிவுரை

ஆப்பத்துக்குச் சண்டையிட்ட இரு பூனைகளின் கதையை நாம் அறிவோம். போர் நடந்த அதே 2007 ஜனவரியில், தபாலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பி வந்த நெட்பிளிக்ஸ், வட்டே இல்லாமல் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது. தபால் வட்டுகளை 2023 செப்டம்பரில் அது அடியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்யும் புளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்தியது. பூனைகள் சண்டையிட்டன, ஆப்பம் குரங்குக்குப் போயிற்று.

இதை ஏன் இவ்வளவு நினைக்கிறேன் என்றால், எங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் அத்தையின் திருமண டி.வி.டி. ஒன்று இருக்கிறது. அதை இயக்கிய பெட்டி கெட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. "காலேசில் இதெல்லாம் படிக்கிறாயே, இதை ஒருமுறை போட்டுக் காட்டக் கூடாதா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் அதைக் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். ஆய்வகத்துப் பழைய கணினியில் பேராசிரியர் போட்டுப் பார்த்தார். ஓடியது. காலமாகிவிட்ட என் தாத்தா பந்தல் வாசலில் நின்று வருவோரைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். அதைப் படியெடுத்து இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன்.

வட்டு கெடுமுன் அதைப் படிக்கும் கருவி மறைந்துவிடுகிறது என்பதே நான் கற்ற பாடம். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வட்டு இருக்கும். அதைப் படிக்கும் பெட்டி எங்கேனும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.