இணைய ஏலத்திற் போலி நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அரசு அச்சிட்டு வழங்கும் காசும் நாணயம். மனிதனுடைய சொல்லிலும் செயலிலும் உள்ள நேர்மையும் நாணயம். ஒருவரை "நாணயமானவர்" என்று நாம் கூறும்போது அவர் மடியிலுள்ள பணத்தைக் கருதுவதில்லை. காசை மெய்யென்று நம்புவதற்கு அதனைத் தருபவனும் மெய்யனாயிருத்தல் வேண்டும் என்பதை இச்சொல் ஒன்றே உணர்த்தி நிற்கின்றது.

காசைச் சோதித்து நல்லது இது, தீயது இது என்று கூறுவோரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்று அழைத்தனர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. காசைக் கையிலே வாங்கி, நிறையும் நிறமும் பார்த்துத் தெளிவது அவர்தம் தொழில். இன்றோ பழங்காசு சேர்ப்போர் பலர், 1995 ஆம் ஆண்டில் தொடங்கிய ஈபே போன்ற இணைய ஏலங்களிலே அவற்றை வாங்குகின்றனர். அங்கே காசு விற்பவனிடத்தில் இருக்கின்றது. வாங்குபவனிடத்தில் இருப்பது அதன் படம் மாத்திரமே. கையின் வேலையையும் கண்ணே செய்யவேண்டியிருத்தலால், பொய்க்காசு விற்பவனுக்கு இதனினும் வாய்ப்பான சந்தை வேறில்லை.

இதனை விளக்க அமெரிக்காவின் வர்த்தக டொலர் என்னும் வெள்ளிக்காசை எடுத்துக்கொள்வோம். சீனத்து வணிகத்தில் மெக்சிக்கோ நாட்டு வெள்ளிக்காசு பெற்றிருந்த செல்வாக்கை வெல்லும் நோக்குடன் ஐக்கிய அமெரிக்கா 1873 இல் இதனை அச்சிடத் தொடங்கியது. நிறை 27.22 கிராம், விட்டம் 38.1 மில்லிமீற்றர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. சீன வணிகர் இதனைச் சோதித்து, நல்ல வெள்ளி என்று கண்டபின் தம் முத்திரையைக் காசின்மீதே குத்தினர். அவர்கள் அந்நாட்டு வண்ணக்கர் போலும்! அம்முத்திரைகளையும் இன்றைய பொய்யர் போலியாகக் குத்தி விற்கின்றனர்.

இத்தகைய காசை ஏலத்திற் கண்டால் முதலிற் பார்க்கவேண்டியது ஆண்டு. வர்த்தக டொலர் பொது வழக்கிற்கென அச்சிடப்பட்டது 1873 முதல் 1878 வரையுமே. அதன்பின் 1885 வரை சேகரிப்போருக்கான சிறப்புக் காசுகள் சில மட்டுமே வெளிவந்தன. 1873 க்கு முந்திய ஆண்டைத் தாங்கி வரும் வர்த்தக டொலர் எதுவாயினும், மேற்கொண்டு ஆராயாமலே அதனைப் பொய்யென்று தள்ளிவிடலாம். இத்தகைய காசுகள் ஏலங்களில் வந்தவண்ணமே உள்ளன.

அடுத்துப் பார்க்கவேண்டியது, காசு எந்த அக்கசாலையில் அச்சிடப்பட்டது என்பதைக் காட்டும் எழுத்து. வர்த்தக டொலரை அச்சிட்டவை பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, கார்சன் நகர் ஆகிய மூன்று அக்கசாலைகளே. நியூ ஓர்லியன்சுக்குரிய ‘ஓ’ என்னும் எழுத்து அதிற் காணப்படுமாயின் அது பொய்.

சில வேளைகளிற் காசு மெய்யாயிருக்க, எழுத்து மட்டும் பொய்யாயிருக்கும். 1893 இல் சான் பிரான்சிஸ்கோவில் மோர்கன் டொலர் 100,000 மாத்திரமே அச்சிடப்பட்டமையால் அதன் விலை மிகவும் உயர்ந்தது. ஆதலால், அவ்வாண்டில் வேறிடத்தில் அச்சிட்ட மலிவான டொலரிலே ‘எஸ்’ என்னும் எழுத்தை ஒட்டி விற்போர் உளர். மெய்யான சான் பிரான்சிஸ்கோக் காசுகளுக்கு முன்பக்க அச்சு ஒன்றே பயன்பட்டது. ஆகவே, ஆண்டு எண்கள் நிற்கும் இடத்தையும், ‘லிபேட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘ரீ’ எழுத்தின் மேற்பகுதியிலுள்ள நுண்ணிய கோட்டையும் நன்கறிந்த காசின் படத்தோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

மூன்றாவதாக வடுக்களை நோக்குக. காசு கைமாறும்போது ஏற்படும் கீறல் ஒவ்வொரு காசுக்கும் வேறுவேறாகும். வெவ்வேறு ஏலங்களிலுள்ள இரு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடு காணப்படுமாயின், வடுப்பட்ட ஒரு காசை மூலமாகக்கொண்டு பொய்யச்சு செய்திருக்கின்றனர் என ஐயுறலாம். மேற்பரப்பிற் சிறு குழிகளும், விளிம்பிலே பொருத்துக் கோடும் வார்ப்புக் காசின் அடையாளங்கள். விளிம்பின் படத்தையும் நிறையையும் விற்பவரிடம் கேளுங்கள். நேர்மையாளர் தருவார், மழுப்புபவரிடம் வாங்காதிருத்தல் நன்று.

காசு கைக்கு வந்தபின் நுண்தராசில் நிறுத்துப் பாருங்கள். நூலிற் கட்டி நீருள் தொங்கவிட்டால் மெய்யான வர்த்தக டொலர் ஏறக்குறைய 24.6 கிராம் மட்டுமே காட்டும். காந்தம் இழுத்தால் அது வெள்ளியன்று. இழுக்கவில்லை என்பதனால் மட்டும் வெள்ளியென்று துணிதலும் கூடாது; செம்பையும் பித்தளையையும் காந்தம் இழுப்பதில்லையே. நிபுணர் நிறுவனத்தின் முத்திரையிட்ட கண்ணாடிபோன்ற உறையும் போலியாக வருகின்றது. உறையிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையத்தளத்திற் சரிபார்த்து, அங்கே படமிருந்தால் கையிலுள்ள காசோடு ஒப்பிடுக.

இனி, பொய்யைக் கண்டவர் செய்யவேண்டியது யாது? "நான் வாங்கவில்லை, எனக்கென்ன?" என்று விலகிச் செல்வோரே பலர். அக்காசை வேறொருவர் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பல ஆண்டுகள் கழித்து, ஒரு நெருக்கடியில் அவர் பிள்ளை அதனை விற்க முற்படும்போதே பொய் வெளிப்படும். அப்போது விற்றவனைத் தேட வழியேது? கண்டவரின் மௌனமே பொய்யனுடைய முதலாகின்றது.

ஆகவே, ஏலப்பொருளின் இலக்கத்தைக் குறித்துக்கொள்க. படங்களும் விளக்கமும் நீக்கப்படுமுன் பிரதி எடுத்துக்கொள்க. ஏலத்தளத்தில் முறைப்பாட்டுக்கென உள்ள வழியால், ஆண்டு தவறு, எழுத்துத் தவறு என்று காரணத்தைச் சுருக்கமாக எழுதுக. மாதிரி நாணயங்களின் விற்பனையை ஈபே 2012 இல் தடைசெய்தது. மாதிரிக் காசில் ‘கொப்பி’ என்னும் சொல் பொறிக்கப்படவேண்டும் என்பது அமெரிக்காவின் 1973 ஆம் ஆண்டுச் சட்டம். 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாறு பொறியாததை விற்பவரையும், தெரிந்தே அவர்க்குத் துணைநிற்பவரையும் பொறுப்பாக்கியது.

ஏமாந்து வாங்கியவர் காசையும் உறையையும் கடிதங்களையும் பேணிவைத்து, ஏலத்தளம் குறித்த தவணைக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டல் வேண்டும். விற்றவரும் முன்பு ஏமாந்தவராயிருக்கலாம். ஆதலால் வசை எழுதாது, கண்டதை மட்டும் எழுதுக. இழந்த பணத்தை மீட்பதற்காக அதே காசை இன்னொருவர் தலையிற் கட்டுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. காசு பொய்யாய்ப் போனால் நட்டம் பணத்தோடு முடியும். நம் நாணயம் பொய்யாய்ப் போனால் அதனை மாற்றித் தரும் வங்கி எங்கும் இல்லை.